பெரியப்பாவுக்காக அணைத்த போறணை

சிவமயம்

ஜேர்மனி
1.3.1987

அன்பு மகள் கலாதேவிக்கு,

உன்னையும் மருமகன் அசோகனையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் நல்லூர்க் கந்தன் ஒரு கீறலும் படாமல் காத்துக்கொண்டிருப்பான் என்ற நம்பிக்கையில் இதை எழுதத் தொடங்குகிறேன். எங்கள் சுகத்தை எழுதுவதென்றால் இந்த முறை கொஞ்சம் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி குளிரோடு கூடியிருக்கிறது, ஆனாலும் வாய் குறையவில்லை. உன் தம்பி ரவிச்சந்திரன் இன்னும் டோட்முண்டில் அகதிகள் விடுதியில்தான் இருக்கிறான், எங்களைப் பார்க்க வருவதற்குக்கூட அரசாங்கக் கந்தோரில் அனுமதிக் கடதாசி எடுக்க வேண்டும், அதனால் மாதத்தில் ஒருமுறை வந்தாலே பெரிய காரியம். பெரியப்பாவின் செத்தவீட்டைப் பற்றி நீ எழுதிய கடிதம் போன கிழமை கிடைத்தது. எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. கடைசியில், ஐயா, அங்க நீங்கள் எப்பிடித் துடக்குத் தீட்டுக் காத்தனீங்கள், எல்லாம் முறையாச் செய்தனீங்களோ எண்டு இஞ்ச சொந்தக்காரர் கேக்கினம் என்று எழுதியிருந்தாய். முறையாகத்தான் செய்தேன் மகள். அந்த முறையால் ஒரு வயோதிப மனுசியைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். அதைவிடப் பெரிய வெட்கமும் ஒன்று இருக்கிறது. அந்த மனுசியிடம் நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும், உன் கடிதம் வந்த நாளிலிருந்து வாய் வரவில்லை.

நாங்கள் இருக்கும் வீட்டைப் பற்றி உனக்கு முன்பு எழுதியிருக்கிறேன், ஆனால் அதைச் சூடாக்குகிற போறணையைப் பற்றி எழுதவில்லை என்று நினைக்கிறேன். மலைப்பக்கத்துக் கிராமம் இது. முன்வீட்டில் வீட்டுக்காரி இருக்கிறார், லீஸ்பெத் என்று பெயர், எண்பது வயது தாண்டிவிட்டது, புருசன் இல்லை, ஒரே மகன் தூரத்துப் பட்டணத்தில். பின்வீட்டை ஊர்க் கந்தோர் வாடகைக்கு எடுத்து எங்களைப் போன்றவர்களை விட்டிருக்கிறது. கீழே நானும் அம்மாவும், மேலே பாசையூர் ஞானப்பிரகாசமும் பெண்சாதி அன்ரனிற்றாவும், கத்தோலிக்கச் சனம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் முற்றத்தில் ஒரு கொட்டில், அதற்குள்தான் போறணை. எங்கள் ஊர்ப் பாண் போறணையை இரும்பில் செய்து நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். உள்ளே விறகு எரியும், நெருப்பைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், அந்தச் சுடுதண்ணீர் நிலத்துக்குக் கீழே குழாய் வழியாக இரண்டு வீட்டுக்கும் போய் ஒவ்வொரு யன்னலுக்குக் கீழேயும் இருக்கிற இரும்புப் பெட்டிகளைச் சூடாக்கும். காலையிலும் பின்னேரமும் வயிறு நிறைய விறகு கொடுத்தால் போதும், சத்தம் போடாமல் இரண்டு வீட்டையும் பார்த்துக்கொள்ளும். கடுங்குளிரில் அணைய விட்டால் குழாய்த் தண்ணீர் கட்டியாகிக் குழாயே வெடித்துவிடும். நாங்கள் வரும்வரை லீஸ்பெத் அம்மாதான் தானே விறகு தள்ளிக்கொண்டிருந்தார். முதுகு ஏலாமல் போக, நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்த மனிசன் வெள்ளைக்காரியின் கொட்டிலில் விறகு தள்ளுகிறார் என்று நீ மனம் வருந்தாதே. இங்கே எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, சும்மா இருந்து அரசாங்கத்தின் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவனுக்கு ஒரு கடமை கிடைத்தது. அந்தக் கொட்டில் சாவியை அவர் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்ட அன்று, இந்த நாட்டிலும் ஒருத்தர் என்னை நம்பிவிட்டார் என்று சந்தோசமாக இருந்தது. அடுக்கி இரண்டு கோடை காயவிட்ட விறகைத்தான் போடுவேன், ஈரவிறகு போட்டால் புகைதான் மிச்சம், சூடு வராது. சாம்பலை வாரி அவருடைய தோட்டத்துக்குக் கொட்டிவிடுவேன். ஒரு நாளும் பிந்தியதில்லை.

பொங்கலுக்கு முதல்நாள் மத்தியானம் கொழும்பிலிருந்து அண்ணாவைப் பற்றித் தந்தி வந்தது. செல்வராசா காலமானார், விபரம் பின்னர், அவ்வளவுதான். இந்த வருடக் குளிரைப் பற்றி நீ அங்கே கேள்விப்பட்டிருக்க மாட்டாய், கிழக்கே ரஷ்யாப் பக்கமிருந்து வந்ததாம், இந்த ஊர்க்காரரே வெளியே வரப் பயந்த குளிர். முற்றத்தில் தண்ணீரை ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கக் கண்ணாடியாகிவிடும். அந்த நேரத்தில்தான் எனக்கு முறை ஞாபகம் வந்தது. பிரேதம் எடுக்கும்வரை செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. உன்னுடைய முந்திய கடிதத்தில், இராணுவத்தின் செல் அடியால் வெளிக்கிட ஏலாமல் ஒரு வீட்டில் பிரேதம் நாள்கணக்கில் கிடந்தது என்று எழுதியிருந்தாய். அண்ணாவும் அப்படித்தான் கிடக்கிறார் என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் குசினியில் இருப்பது கறண்ட் அடுப்பு, அதில் நெருப்பே இல்லை. இந்த வீட்டில் உண்மையான நெருப்பு என்றால் அந்தப் போறணையில் எரிகிறது ஒன்றுதான். கொட்டிலுக்குப் போனேன், தணலைக் கிளறிப் பிரித்துவிட்டேன், கதவைப் பூட்டினேன், சாவியை மடியில் முடிந்துகொண்டு வந்து நிலத்தில் இருந்துவிட்டேன். அம்மா விடவில்லை. இஞ்சேருங்கோ, உது அடுப்பே, உது மிசின், உதில ஆர் சோறு காய்ச்சினது என்று கேட்டா. மேலேயிருந்து ஞானப்பிரகாசம் இறங்கி வந்தான். அண்ணை, துடக்கு உங்களுக்கு, குளிர் எங்களுக்குமோ என்று பணிவாகத்தான் கேட்டான். உங்கட வேதத்தில உதில்லை, உங்களுக்கு விளங்காது என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அப்படிச் சொன்னதற்குப் பிறகும் அன்ரனிற்றா சோறும் பருப்பும் காய்ச்சிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தா. செத்தவீட்டுக்கு அயல் செய்கிற முறையைச் செய்தது அவதான். அவர்களிடம் ஒரு சின்னக் கறண்ட் சூடாக்கி இருந்தது, கம்பளி எல்லாவற்றையும் போர்த்துக்கொண்டு அதைச் சுற்றி இருந்தார்கள். அங்கே எங்களையும் வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை, அம்மாவை மட்டும் அனுப்பினேன்.

உள்ளதைச் சொல்லப்போனால், முறை என்பது நான் மேலே போர்த்துக்கொண்ட சால்வை மகள். அண்ணாவுக்குப் பிள்ளையில்லை. அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டிய கை என்னுடையது. சின்ன வயதிலிருந்தே எல்லாரும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள், அவரும் பகிடியாகவே சொல்லுவார், தம்பி, எனக்குக் கொள்ளி வைக்கிறதுக்காகவாவது நீ எனக்குப் பின்னால சாக வேணும் என்று. அந்தக் கை ஆயிரக்கணக்கான மைலுக்கு இந்தப் பக்கம் யாருடையவோ போறணைக்கு விறகு போடுகிறது என்று நினைக்க நெஞ்சு எரிந்தது. அங்கே மூட்ட முடியாதவன் இங்கேயும் மூட்ட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன், அவ்வளவுதான். முன்வீட்டு மனுசியை நான் நினைக்கவேயில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். நினைத்தேன். வெள்ளைக்காரருக்கு ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்தேன். போறணை கட்டிய நாளில் அந்த வீட்டுப் பழைய அடுப்புகளை எல்லாம் இடித்து எடுத்துவிட்டார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன், ஆனால் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

அன்று பின்னேரமே லீஸ்பெத் அம்மா வந்து கதவைத் தட்டினார். நான் மேலில் சட்டை இல்லாமல் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு நிலத்தில் இருந்தேன், எழும்பவில்லை. உன் அம்மாதான் கதவைத் திறந்தா. அம்மாவுக்குத் தெரிந்த ஜேர்மன் பாசை விரல்விட்டு எண்ணக்கூடியது, அதில் நாளைக்கு என்ற சொல் ஒன்று, அதைச் சொன்னா. அந்த மனுசி தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்தநாள், பொங்கல் அன்று, திரும்பவும் வந்து தட்டினார், இந்த முறை கையில் ஒரு மாத்திரைப் பெட்டி, எனக்குச் சுகமில்லை என்று நினைத்திருக்கிறார். அம்மா மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பவும் நாளைக்கு என்றா. மூன்றாம் நாள் தட்டவில்லை. தட்டவில்லையே என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது, அதை எழுதும்போது என் முகத்தை நானே மூடிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. அன்ரனிற்றாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. அவ போய்ப் பார்த்தபோது முன்வீட்டுக் கதவு பூட்டாமல் இருந்ததாம், உள்ளே குழாய் வெடித்துச் சுவரெல்லாம் தண்ணீர் ஓடியபடியே உறைந்து கிடந்ததாம், அந்த மனுசி அலுமாரியில் இருந்த கோட்டுகள் எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தாராம், உதடு நீலமாக. மகனுக்குத் தொலைபேசி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நாளைக்கு என்று நாங்கள் சொன்னதை நம்பிக்கொண்டு கிடந்திருக்கிறார். அம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போவதை யன்னலுக்குள்ளால் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் போய்ப் போறணையை மூட்டினேன். ஊரிலிருந்து ஒரு செய்தியும் அதுவரை வரவில்லை. ஆக, அண்ணாவுக்காகப் பிடித்த முறையையும் முடிக்கவில்லை, அந்த மனுசியையும் காப்பாற்றவில்லை, ஒன்றுக்கும் உதவாதவனாக நெருப்புக்கு முன்னால் நின்றேன். நெருப்புப் பிடித்துக் குழாய் இளகி வரவர முன்வீட்டு வெடிப்பால் தண்ணீர் ஊற்றியது, ஞானப்பிரகாசம்தான் ஓடிப்போய் அந்தப் பக்கத்தை அடைத்தான். 

அந்த மனுசிக்கு நெஞ்சுச் சளி பிடித்து நிமோனியா என்றார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு அன்ரனிற்றாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அவ இங்கே தேவாலயத்துக்குப் போய்வந்து பாசையை நன்றாகப் பிடித்துவிட்டா. லீஸ்பெத் அம்மாவின் மகனும் கட்டில் அருகே நின்றான். இந்த ஆட்களை வேறு எங்கேயாவது மாற்றச் சொல்லி ஊர்க் கந்தோருக்கு எழுதப்போவதாக எங்களுக்கு முன்னாலேயே சொன்னான், அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். என் தமையன் செத்துப்போனார், ஊரில் பிரேதம் எடுக்க ஏலாமல் கிடக்கிறது, எடுக்கும்வரை எங்கள் வீட்டில் நெருப்பு மூட்டக்கூடாது, அதுதான் என்று. அன்ரனிற்றா சொல்லி முடிக்க அந்த மனுசி என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னதை அன்ரனிற்றா அப்படியே சொன்னா: நாங்களும் பிரேதம் கிடக்கிற அறையில சூடு போடமாட்டம், அது எங்கட முறை, ஆனா அந்த ஒரு அறையில மட்டும்தான். சொல்லிவிட்டுச் சிரித்தார் மகள், சிரிப்பு இருமலாகி மூச்சு எடுக்க முடியாமல் போனது. என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மகனிடம் திரும்பி, இவையின்ர ஆள் இன்னும் மண்ணுக்குப் போகேல்லை, நீ கடிதம் ஒண்டும் எழுத வேண்டாம் என்றாராம். நாங்கள் இன்றைக்கும் இந்த வீட்டில் இருப்பது அந்த ஒரு சொல்லால்தான். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு என்னைக் காணும்போதெல்லாம் யன்னலைத் திறந்து கேட்பார், தமையனை அடக்கம் செய்தாச்சோ என்று. இன்னும் செய்தி இல்லை என்று கையை விரிப்பேன். தேவாலயத்தில் சொல்லி அண்ணாவுக்காக ஒரு மெழுகுதிரியும் கொளுத்துவித்தார், பாதிரியார் அண்ணாவின் பெயரை உடைத்து உடைத்து வாசித்தாராம், அன்ரனிற்றா வந்து சொன்னா. போறணைச் சாவியையும் என்னிடமிருந்து திருப்பிக் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் உயிர் போனதாம், செல் அடிக்குப் பயந்து அன்று பின்னேரமே எடுத்துவிட்டீர்களாம். தந்தி கொடுக்க ஆள் கொழும்புக்குப் போய்ச் சேரவே இரண்டு நாள் சென்றிருக்கிறது. எனக்குத் தந்தி வந்த நேரம் அண்ணா சாம்பலாகி ஆறிப்போயிருக்கிறார். நான் போறணையை அணைத்துவிட்டுக் காத்திருந்தது ஒரு வெறும் வீட்டுக்கு. விறகுக்கு நீங்கள் பட்ட பாட்டை எழுதியிருந்தாய். விறகுக் கடைகளில் விறகு இல்லை, வாகனம் ஓட எண்ணெய் இல்லை, அயலட்டைச் சனம் தங்கள் அடுப்புக்கு வைத்திருந்த விறகைத் தலையில் சுமந்து கொண்டுவந்து போட்டதாம், அதுவும் போதாமல் தவராசா மாஸ்ரர் தன் வளவு மாமரத்தைத் தறித்தாராம், உரித்துக்காரர் ஒருவரும் வந்து சேர ஏலாததால் கொள்ளியும் அவரே வைத்தாராம். தன் வீட்டு அடுப்பு விறகை ஒருவன் என் தமையனுக்குக் கொடுத்திருக்கிறான். இங்கே நான் கூரை முட்ட விறகு அடுக்கிய கொட்டிலைப் பூட்டி வைத்துக்கொண்டு, எனக்கு மாத்திரை கொண்டுவந்த மனுசியை விறைக்க விட்டேன். அந்தக் கடிதத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் யன்னலைத் திறந்து கேட்டார், செய்தி வந்ததோ என்று. கடிதம் கையில் இருக்க நான் இல்லை என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படியே. அவர் என்னை மன்னித்தது அண்ணா கிடக்கிறார் என்பதற்காக. அந்தக் காரணமும் இல்லை என்று ஆனபிறகு அவர் முகத்தில் எப்படி முழிப்பேன், மகன் கந்தோருக்கு எழுதினால் இந்தக் குளிருக்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எந்த விடுதிக்குப் போவேன் என்று இரண்டு பயமும் சேர்ந்து வாயைக் கட்டிவிட்டது. இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளைக்கு எழுதத் தெரியுது, முன்வீட்டுக்குச் சொல்லத் தெரியேல்லையோ என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

இதை நிறுத்திவிட்டு எழும்பிப் போனேன், இப்போது வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன். அன்ரனிற்றாவைக் கூட்டிக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன். லீஸ்பெத் அம்மா மடியில் சட்டியை வைத்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார், எங்களைக் கண்டதும் கதிரையை இழுத்துவிட்டார், நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையே எரித்துவிட்டார்கள், எனக்குத் தந்தி வந்தது செவ்வாய்க்கிழமை, எனக்கு இது தெரிந்து ஒரு கிழமை, ஒரு கிழமையாக உங்களிடம் பொய் சொன்னேன் என்று. அன்ரனிற்றா சொல்லச் சொல்ல அவர் கத்தியைக் கீழே வைத்தார். யார் நெருப்பு வைத்தது என்று கேட்டார். அயலவர் ஒருவர் என்றேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அப்ப நாங்கள் ரெண்டுபேரும் சும்மாதான் குளிருக்க இருந்திருக்கிறம் என்றார். நீ என்னைக் குளிருக்குள் விட்டாய் என்று சொல்லவில்லை. நாங்கள் இரண்டுபேரும் என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன், அவர் அதைப் பார்க்காதது போலக் கத்தியை எடுத்துக்கொண்டு, சரி, போய் விறகைப் போடுங்கோ, கால் விறைக்குது என்றார். கொட்டிலுக்குப் போய் இரும்புக் கதவைத் திறந்து விறகைப் போட்டுவிட்டு அந்த வெக்கைக்கு முன்னால் நின்று அழுதேன் மகள். தந்தி வந்த நாளிலிருந்து அண்ணாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, இன்றைக்குத்தான் வந்தது. அவர் மகன் கந்தோருக்கு எழுதுவானோ இல்லையோ தெரியாது, எழுதினாலும் அவனைக் குறைசொல்ல மாட்டேன்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் நாளில் சத்தத்தைக் கேட்டுப் பார்த்து அனுப்பு, பங்கருக்குள் பாம்பு பூச்சி பார்த்து இறங்கச் சொல்லு, மண்ணெண்ணெய் கிடைக்கும்போது கொஞ்சம் எடுத்து வை. அம்மா உனக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னுகிறா, யாழ்ப்பாணத்தில் எதற்கு என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. உன் குடும்பம் மணமும் குணமுமாக நீடூழி வாழ, பேரப்பிள்ளைகள் நல்ல கல்வியும் நல்ல மனமும் பெற்று வளர, இங்கிருந்து தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாதே, தவராசா மாஸ்ரரிடம் நீயே நேரில் போய், என் தமையனுக்கு என் கை செய்ய வேண்டியதை அவருடைய கை செய்தது, ஐயா அதற்குக் கும்பிட்டார் என்று சொல்லு. சொந்தக்காரர் கேட்டால் ஐயா எல்லாம் முறையாகச் செய்தார் என்று மட்டும் சொல்லிவிடாதே. நடந்ததை நடந்தபடி சொல்லு, வெட்கம் என்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு ஐயா
சி. பரராசசிங்கம்